ஈரத்துணி வேண்டுதல்

சித்திரை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் யார் முகத்திலும் சிரிப்பைப் பார்க்க முடியாது. மலை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை ஊர்மேல் ஊதும். அந்த நாட்களில் ஊரிலேயே சந்தோஷமாக இருக்கிற ஒரே ஆள் அருணாதேவிதான். வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடிக்கு வடகம் பிழியப் போகிறேன் என்று ஏறுவாள். வடகம் காய்ந்து சலசலத்த பிறகும் இறங்க மாட்டாள்.

"எம்மா, மண்ட வெடிச்சிடும், கீழ வா" என்று மகள் தென்றல் படியில் நின்று கத்துவாள். கல்லூரிக்குப் போகிற பெண்.

"வடகம் மட்டும் காஞ்சாப் போதுமா? நான் இன்னும் காயல, போடி" என்பாள் அருணாதேவி.

ஐப்பசியில் முதல் மேகம் மலைமேல் உட்கார்ந்ததும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். கால் விரலுக்குத் தடித்த கம்பளிக் காலுறை, அதற்குமேல் ரப்பர் செருப்பு. புடவைமேல் ஸ்வெட்டர், கையுறை, தலையையும் காதையும் மூடுகிற குரங்குக் குல்லா. அந்தக் கோலத்தில் அவள் காய் வாங்கப் போகும்போது, கலெக்டர் ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் பார்ப்பதில்லை. "குல்லாக்காரம்மா போவுது" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் அவள். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்தபோது வயசுக்கு வந்தாள், அத்தோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் உலகத்தை அவள் பார்த்ததெல்லாம் கதவிடுக்கு வழியாகத்தான். பேசமாட்டாள், ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அப்படிப்பட்டவள் ஊரே கூடியிருந்த ஒரு நாளில், மாட வீதி நடுவில், இந்தக் குல்லாவோடு முதல்முதலாக நடந்தாள். அதை இப்போது நினைத்தால் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம் மணியம்மாளின் முகம் வரும்.

மணியம்மாள் அவளுடைய நாத்தனார், கணவன் ஆதிமூலத்தின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். புருஷன் செத்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அவள் வாயைத் திறந்தால் கோபுரத்துப் புறா பறக்கும் என்பான் ஆதிமூலம். அவன் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அப்போது அவர்கள் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி, ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். முன்னறை கடை, பின்னறை வீடு. இன்றைக்கு அங்கே நிற்கிற லாட்ஜுகளும் காப்பிக் கடைகளும் அன்றைக்கு இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. கடலை பிடுங்குகிற நாளில் ஈர மண்ணும் பச்சைக் கடலையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை அவளுக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

எண்பத்தொன்பதாம் வருஷம் மாவட்டம் பிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் வேலூருக்கு ஓடவேண்டியதில்லை என்று ஊரே பூரித்துக் கிடந்தது. அந்த வருஷம் கார்த்திகைத் தேரோட்டத்துக்கு மூன்று பேரும் போனார்கள். அருணாதேவிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

தேருக்கு முன்னால் கரும்புத் தொட்டில்கள் வந்தன. பிள்ளை வேண்டிக்கொண்டு பெற்றவர்கள், வளைகாப்புப் புடவையைத் தோகையோடு இருக்கிற கரும்புகளில் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை உள்ளே போட்டு, முன்னால் புருஷன் பின்னால் பெண்டாட்டி என்று தோளில் தாங்கி மாட வீதி சுற்றுவது அந்த ஊர் வழக்கம். சில தொட்டில்களிலிருந்து குட்டிக் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு ஆடும். அருணாதேவி அந்தக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பார்ப்பதை மணியம்மாள் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள்.

"அப்பா, அண்ணாமலையாரே! என் தம்பிக்கு ஒரு கொழந்தையக் குடு. நாங்களும் கரும்புத் தொட்டில் தூக்கியாறோம்!"

பக்கத்தில் நின்ற இன்னொருத்தியும் அதையே வேண்டிக்கொள்வது காதில் விழுந்தது. மணியம்மாளுக்கு இது போதாது என்று தோன்றியிருக்கவேண்டும்.

"கொளத்துல முங்கி, ஈரத்துணியோட மாடவீதி வருவா என் தம்பி பொண்டாட்டி!" என்று சேர்த்தாள்.

காய்கறிக் கடையில் கொசுறு கேட்டு வாங்குகிறவள், சாமிக்குக் கொசுறு கொடுத்துவிட்டாள். அருணாதேவி மனசுக்குள் கேட்டதெல்லாம் அந்தக் கால் ஒன்றைத்தான். ஈரத்துணி அவள் காதில் விழுந்தது, ஆனால் அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. தண்ணீரில் நனைவதற்கு யாராவது பயப்படுவார்களா?

தென்றல் அடுத்த ஐப்பசியில் பிறந்தாள். கறுப்பு, சுருட்டை முடி, அத்தையின் குரல். அந்த மார்கழியில்தான் அருணாதேவி முதல்தடவை கவனித்தாள். விடிகாலையில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் எடுத்துக் குழந்தைத் துணி அலசிவிட்டு வந்தால், ஒன்றுக்குப் போவது கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. விரல் நுனி வலித்தது. மாடிப்படி இல்லாத வீட்டிலேயே மூச்சு வாங்கியது. பல நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் மணியம்மாள் தனியாக இருந்தபோது சொன்னாள்.

"சூடு" என்றாள் மணியம்மாள். "பால் குடுக்கிற ஒடம்பு, சூடு ஏறிக்கிச்சி. இதுக்கா மூஞ்ச இப்டி வச்சினு இருக்க?"

அன்றிலிருந்து உடம்பைக் குளிர வைக்கிற வேலை ஆரம்பமானது. ராத்திரி ஊறவைத்த வெந்தயம் காலையில். பானையில் குளிர்ந்த பழைய சோறும் நீராகாரமும். மத்தியானம் மோர். வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் தலைமுழுக்கு. மணியம்மாளே உச்சந்தலையில் குடம் குடமாக ஊற்றுவாள். ஊற்றும்போது, "குளு குளுன்னு இருக்கா?" என்று ஆசையாகக் கேட்பாள். அருணாதேவிக்குப் பல் கிட்டித்துக்கொள்ளும். இருந்தாலும் தலையை ஆட்டுவாள். தன்னைப் பெற்றவள்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

மாசி வந்தது, பங்குனி வந்தது. வெயில் ஏற ஏற எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. முகத்தில் ரத்தம் ஊறியது. "பாத்தியா என் கைவைத்தியம்?" என்று மணியம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். யாருக்குத் தெரியும், அது வெயிலின் வைத்தியம் என்று.

வேண்டுதலை முடிக்க அடுத்த கார்த்திகை என்று நாள் குறித்தாயிற்று. தென்றலுக்கு ஒரு வயசு, தொட்டிலுக்குச் சரியான வயசு. கொடியேறிய நாளிலிருந்து அருணாதேவிக்கு விரதம். இருட்டோடு எழுந்து கிணற்றுத் தண்ணீரில் குளியல்.

"கொஞ்சமா வெந்நி கலந்துக்கட்டுமா அண்ணி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வெந்நி நோயாளிக்கு. வெரதக்காரிக்கு இன்னாடி வெந்நி? மடி போயிடும்."

நாளாக ஆக அவள் விரல் நுனிகள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. காது மடலும் அப்படியே. காதை முடியால் மூடினாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணுக்கு எதுவும் தப்பாதவள், மற்றவர் கண்ணிலிருந்து ஒளிக்கவும் தெரிந்து வைத்திருந்தாள். தேரன்று விடிகாலை அய்யங்குளத்தில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டாள். இரண்டு படி ஏறினாள். மலை, கோபுரம், படியில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற ஆதிமூலம் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி ஒரு புள்ளியானது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தொட்டில் கட்டக் கொண்டுவந்த கரும்பு குளத்து மதிலில் சாய்ந்தபடியே கிடந்தது.

மறுநாள் அவள் கண் மஞ்சளாக இருந்தது. மஞ்சள்காமாலைதான், சந்தேகமே இல்லை என்றார்கள் பார்க்க வந்தவர்கள். செய்தி கேட்டுத் தாய் கன்னியம்மாள் வந்து, கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கள் ஊருக்குக் கூட்டிப்போனாள். காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர் ஒருவர் அங்கே உண்டு. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகி, ஈரத்தலையோடு நின்று, கீழாநெல்லி அரைத்த மோரை வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும். மூன்று நாள் மருந்து. எத்தனையோ பேருக்குக் கேட்ட மருந்துதான். இவளுக்கு மூன்றாம் நாள் பாயைவிட்டு எழவே முடியவில்லை. உதடு வெளுத்துக் காகிதமாகிவிட்டது.

ஆதிமூலம் ஒரு வேனைப் பிடித்து அவளை டவுனுக்குக் கொண்டுவந்தான். ரத்தம் சோதிக்கிற இடத்தில் அந்த மனிதர் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார், உள்ளே போனார், குழம்பிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"இன்னொரு தபா எடுக்கணுங்க. ரத்தம் திரிஞ்சிட்டாப்புல இருக்குது."

"பாலா அது திரியறதுக்கு?" என்றான் ஆதிமூலம்.

"நானும் இதுமாதிரி பாத்ததில்லைங்க."

இரண்டாம் தடவையும் அப்படியே. பார்த்த டாக்டர் நேரம் கடத்தவில்லை. வேலூருக்கு எடுத்துப்போங்கள், இன்றைக்கே, என்றார். இனி வேலூருக்கு ஓடவேண்டியதில்லை என்று பூரித்தவர்கள் வேலூருக்கே ஓடினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி. அருணாதேவி அவ்வளவு நீளமான வராந்தாவை அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கே அவளுக்கு ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். ஆதிமூலத்தின் ரத்தம் சேரவில்லை, அவள் அண்ணன் ரத்தம் சேரவில்லை, பாட்டிலில் இருந்த யார் ரத்தமும் சேரவில்லை. எல்லாமே அவள் ரத்தத்தோடு கலந்ததும் குருணை குருணையாகத் திரண்டது. பக்கத்துக் கட்டில்காரி, "செய்வினையா இருக்கும்மா" என்று இரக்கத்தோடு சொன்னாள். ஆதிமூலம் வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

கண்ணாடி போட்ட, குள்ளமான ஒரு டாக்டரம்மா மறுநாள் வந்தாள். அருணாதேவியின் விரல்களைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். குளிரில் வலிக்குமா என்று கேட்டாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. அருணாதேவி ஆமாம் என்று தலையாட்டினாள்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். சாய்த்துக் காட்டினாள். குழாயின் சுவரில் சிவப்புக் குருணைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா? இப்போ பாருங்க."

குழாயைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கோழிக்குஞ்சை வைத்திருப்பதுபோல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அருணாதேவியிடம் குழந்தை பேர் என்ன என்று விசாரித்தாள்.

"தென்றல்" என்றாள் அருணாதேவி.

"குளிரு ஆகாத அம்மாவுக்குத் தென்றலா? நல்லாப் பேர் வச்சீங்க!" என்று சிரித்துவிட்டுக் கையைத் திறந்தாள். குழாயில் குருணை இல்லை. எல்லாருடைய ரத்தத்தையும் போல வழவழவென்று ஓடியது.

ஆதிமூலம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். திரும்பவும் குனிந்தான்.

"உடம்புல நோயை எதிர்த்துச் சண்டை போட ஒரு படை இருக்கும்" என்றாள் டாக்டரம்மா. "இவங்க உடம்புல அந்தப் படையில ஒரு பிரிவு தப்பா நினைச்சிக்கிட்டு, சொந்த ரத்தத்தையே பிடிச்சு உடைக்குது. குளிர்ந்தா மட்டும்தான். சூட்டுல விட்டுடும். ரொம்ப அபூர்வமான வியாதி. வயசானவங்களுக்குத்தான் எப்பவாவது வரும். இந்த வயசுல நான் பாக்கறது இதுதான் முதல் தடவை. யாரும் எதுவும் வைக்கல. நீங்களும் ஒரு தப்பும் செய்யல."

வியாதிக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பேர் சொன்னாள். வீட்டில் அதற்குக் 'குளிர் ரத்தம்' என்று பேராயிற்று. முழுசாகத் தீர்க்க மருந்து இல்லை, ஒரு சத்து மாத்திரை தினமும், மற்றபடி வாழ்நாள் முழுக்க உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதுதான் வைத்தியம். பச்சைத் தண்ணீர் கூடாது. ஐஸ் கூடாது. பனியில் வெளியே போகக் கூடாது. குளத்தில் முழுகுவது பேச்சுக்கே இடமில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆனா நான் பொறுப்பு இல்லைங்க" என்றாள்.

அன்று ஏற்றிய ரத்தம், குழாய் வழியாக ஒரு பாத்திரத்து வெந்நீரைச் சுற்றிக்கொண்டு கதகதப்பாக அவளுக்குள் இறங்கியது. ஆதிமூலம் கட்டில் அருகே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டாருக்குச் சூடு ஆவாது, காயில் கருகிடும். உனக்கு ஜில்லுனா ஆவாது" என்றான். "நான் கட்டினதுலயே கஷ்டமான மெஷினு நீதான்."

பயந்து கிடந்த அத்தனை நாளுக்கும் சேர்த்து அவள் அப்போது சிரித்தாள். சிரித்ததில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆதிமூலம் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னான். வெந்தயம், மோர், தலைமுழுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டான். அன்று சாயங்காலம் முழுக்க மணியம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. மறுநாள் பழையபடி கத்த ஆரம்பித்தாள். ஆனால் இப்போது, "ஏய், வெறுந் தரையில நிக்காத! சாக்கப் போட்டு நில்லு!" என்று கத்தினாள்.

வெந்நீர் அடுப்பு கொல்லையில் எந்நேரமும் எரிந்தது. ஆசிரமத்தின் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரி, ஆதிமூலம் அவளுடைய டேபிள் ஃபேனைச் சரிசெய்து கொடுத்ததற்கு, ஊருக்குக் கிளம்பும்போது ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்வெட்டரும் குல்லாவும் வேலூரில் வாங்கியது. பனிநாட்டிலிருந்து வந்தவர்கள் மெல்லிய துணியில் காத்தாட மலை சுற்ற, மலையடிவாரத்துக்காரி கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்தான். வெளியே அந்தக் கோலத்தில் போக அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேண்டுதல் மட்டும் அப்படியே நின்றது.

அதைப் பற்றி ஆதிமூலம் கவலைப்படவில்லை. "உசுரோட இருக்கா, அது போதும், சாமிக்குத் தெரியாதா?" என்பான். மணியம்மாளுக்கு அப்படி விட முடியவில்லை. "சொன்னத செய்யலன்னா குடுத்தத கேப்பாருடா" என்பாள். அடுத்த ஐப்பசியில் தென்றலுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டே நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளில் மணியம்மாள் குழந்தையைப் பார்த்த பார்வை அருணாதேவியின் மனசைவிட்டுப் போகவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதான். கொடுத்ததைக் கேட்பார் என்பதை அவளும் நம்புகிறவள்தான்.

ஒரு முழுக்கு. ஒரே ஒரு முழுக்கு. பிள்ளைக்காக அதைக்கூடச் செய்ய முடியாதா?

கொடியேறியது. தேருக்கு முதல்நாள் ஆதிமூலம் கரும்பு வாங்கிவந்து கடை வாசலில் கட்டிக்கொண்டிருந்தான். தென்றலுக்கு இரண்டு வயசு முடிந்திருந்தது, நல்ல கனம். இரண்டு கரும்பு தாங்காது, நாலு வேண்டும் என்று நாலு வாங்கியிருந்தான். நடுவில் ஓர் இரும்புப் பைப்பைச் செருகியதை மணியம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடா இது?"

"சப்போர்ட்டுக்கு."

"சாமிகிட்ட பைப்பு வேலை காட்றியா? எட்றா!"

"ரோட்டுல ஒடைஞ்சா?"

"ஒடையாது. எங்கப்பன் கரும்புல தூக்கினாரு, நீ இரும்புல தூக்குவியா? எட்றா மூலம்!"

அவர்கள் சண்டை போடும் சத்தம் கொல்லைவரை கேட்டது. அருணாதேவி தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தாள். ராத்திரி பெய்த மழையில் தொட்டி நிரம்பி, தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கையுறைகளைக் கழற்றித் துவைக்கிற கல்மேல் வைத்தாள். இரண்டு கையையும் மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டாள். வலி முழங்கைவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்காமல் நின்றாள்.

பைப்பைப் பிடுங்கிக் கொல்லையில் எறிய வந்த மணியம்மாள் அதைப் பார்த்தாள். பைப் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"இன்னாடி பண்ற?"

"பழகிக்கிறேன் அண்ணி."

"இன்னாத்த?"

"நாளைக்கு ஒரு முழுக்குத்தானே. இன்னிக்கு கொஞ்சம் கொஞ்சமா வச்சிப் பழகிக்கினா நாளைக்குத் தாங்கும்."

மணியம்மாள் அவள் கைகளை வெளியே இழுத்தாள். பத்து விரலும் நீலம். தன் புடவையால் துடைத்தாள், தேய்த்தாள், ஊதினாள். அதுவும் போதாமல் அந்தக் கைகளைத் தன் இரண்டு அக்குளிலும் வைத்து அழுத்திக்கொண்டாள். இருவரும் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். யாராவது பார்த்திருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"அண்ணி" என்றாள் அருணாதேவி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நம்ம சாமியே நெருப்புதானே? நெருப்பாத்தானே நின்னாரு இங்க. நான் வெந்நில குளிச்சிட்டு வந்தா, அவரு ஒத்துக்க மாட்டாரா?"

வாதம் செய்யவில்லை அவள். உண்மையாகவே கேட்டாள். தன்னைவிடச் சாமியை நன்றாகத் தெரிந்தவள் என்று நினைத்து மணியம்மாளிடம் கேட்டாள்.

மணியம்மாள் அந்தக் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மூக்கு விடைத்தது.

"அவரு கேக்கலடி ஈரத்துணி. நாந்தான் சொன்னேன். அவரு பாட்டுக்குத் தேர்ல போயினு இருந்தாரு."

"இருந்தாலும், சொன்னது சொன்னதுதானே அண்ணி."

"சொன்னது எந்த வாயி? என் வாயி. நனையறதா இருந்தா சொன்ன வாயி நனையட்டும். நீ வெந்நி ஊத்திக்கினு, உன் குல்லா கில்லா எல்லாம் மாட்டினு வந்து புள்ளயத் தூக்கு. ஈரத்துணி என்னுது."

"உங்களுக்கு வயசு..."

"ஏன், கெழவின்றியா? கம்முனு வெரல மடக்கு. இன்னும் ஜில்லுனு இருக்குது பாரு."

மறுநாள் அய்யங்குளத்தில் மணியம்மாள் முழுகி எழுந்தபோது அவளுடைய நரைமுடி முதுகில் கயிறாக ஒட்டியிருந்தது. வானம் மூடி, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அருணாதேவி படிக்கு மேலே, ஸ்வெட்டர், குல்லா, கையுறை, காலுறை என்று ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஆதிமூலம் முன்னால், அவள் பின்னால். நடுவில் வளைகாப்புப் புடவைக்குள், இரண்டு வயசுத் தென்றல் தொட்டிலில் படுக்காமல் எழுந்து உட்கார்ந்துகொண்டு, ராஜாத்தி மாதிரி வேடிக்கை பார்த்தாள். கரும்பு வில்லாக வளைந்தது. உடையவில்லை.

தேரடித் தெருவில் கூட்டம் அலைமோதியது. எல்லாரும் தன்னையே பார்ப்பதாக அருணாதேவிக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, பார்க்கத்தான் செய்தார்கள். திருவூடல் தெரு திரும்பியபோது ஒரு பொரிக்கடைக்காரன் கையைக் கொட்டிச் சிரித்தான்.

"இன்னாம்மா, ஊட்டிக்கா? வழி இப்டி இல்லியே!"

அருணாதேவி நின்றுவிட்டாள். தோளிலிருந்த கரும்பு நழுவப் பார்த்தது. அதற்குள் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது. ஈரம் சொட்ட, உடம்பு வெடவெடவென்று நடுங்க, வாய் மட்டும் நடுங்காமல் மணியம்மாள் நின்றாள்.

"டேய்! அவளுக்கு ரத்தம் ஒறையுது, அதுக்குக் குல்லா போட்டுனுகிறா! உனக்கு வாயி ஒறைய மாட்டேங்குதே, அதுக்கு இன்னாத்த மாட்டறது? பொரி மூட்டையையா?"

சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அசட்டுச் சிரிப்போடு ஒரு கை பொரியை அள்ளிக் குழந்தையிடம் நீட்டினான். தென்றல் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் எவ்வளவோ பேர் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஆனால் அருணாதேவி தலையைக் குனியவில்லை. முன்னால் கரும்புத் தோகைக்கு நடுவே தொட்டிலிலிருந்து ஒரு கால் வெளியே நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. கொலுசு போட்ட, அழுக்கான, நல்ல கனமான கால். பேகோபுரத் தெரு முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மூச்சு வாங்கியபோது நின்றார்கள். ஆதிமூலம் திரும்பிப் பார்த்தான். போகலாம் என்று தலையசைத்தாள்.

சுற்றி முடித்துத் தேரடியில் இறக்கியபோது தென்றல் இறங்க மாட்டேன் என்று புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மறுக்கா! மறுக்கா தூக்கு!" ஆதிமூலம் தோளைத் தேய்த்துக்கொண்டு, "உங்கத்தைய கேளு, அவதான் வேண்டிக்குவா" என்றான்.

"நான் இனிமே எதுவும் வேண்டிக்கமாட்டேம்பா" என்றாள் மணியம்மாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அருணாதேவி நேராகக் கொல்லைக்குப் போய் அடுப்பை ஊதினாள். அண்டாவில் தண்ணீர் தளதளத்ததும் மணியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து துவைக்கிற கல்மேல் உட்காரவைத்தாள். ஆயுசில் பச்சைத் தண்ணீர் தவிர வேறு அறியாத முதுகு அது. எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது, மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. விளாவி, பதம் பார்த்து, முதல் சொம்பைத் தோளில் மெதுவாக ஊற்றினாள்.

மணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரமானது.

"இவ்ளோ நாளா இதையாடி நீ மட்டும் ஊத்தினு இருந்த?" என்றாள்.

அருணாதேவி சிரித்தாள்.

"சிரிக்காத. இன்னும் கொஞ்சம் சூடா ஊத்து."